மருந்து அதிகாரமும் மத்தியானச் சோறும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதிலுள்ள பத்துக் குறள்களில் ஆறு உணவைப் பற்றியவை என்பதை மாணாக்கர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முதற்குறள் நோய் தோன்றும் காரணத்தைக் கூறுகின்றது. இறுதி மூன்றும் நோயை ஆராயும் முறையையும் மருத்துவத்தின் உறுப்புகளையும் கூறுகின்றன. இடையிலுள்ள ஆறும் எப்போது உண்பது, எவ்வளவு உண்பது, எதை விலக்குவது என்பவற்றையே பேசுகின்றன. ஓர் இலையின் பெயரோ வேரின் பெயரோ சூரணத்தின் பெயரோ அதிகாரம் முழுவதிலும் இல்லை. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு மருந்தையே சொல்லாமல் விட்ட புலமையை நான் முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வியந்து விளக்கி வருகின்றேன். மேடைகளிலும் அதனைப் பேசியிருக்கின்றேன். பேசி முடித்த பின் விழாக் குழுவினர் தந்த சீனித் தேநீரையும் கேக்குத் துண்டையும் மனமகிழ்ந்து உண்டுமிருக்கின்றேன்.

சென்ற ஆண்டு ஓயாத தாகமும் இரவில் நான்கு முறை எழுந்து செல்லும் தொல்லையும் என்னை வைத்தியரிடம் கொண்டு சென்றன. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 192 இருந்தது. 126க்கு மேற்பட்டால் அது நீரிழிவாகும். கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 8.6 என்று வந்தது. அதற்கு எல்லை 6.5. அந்த வைத்தியர் வயதில் என் மாணாக்கரை ஒத்தவர். மருந்துச்சீட்டை எழுதுமுன் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், மத்தியானத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள்?"

"வயிறு நிறையும் அளவுக்கு" என்றேன்.

"அது எவ்வளவு?"

எனக்கு விடை தெரியவில்லை. அளவு என்ற சொல்லுக்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்லக்கூடிய நான், என் தட்டில் விழும் சோற்றின் அளவை ஐம்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் பார்த்ததில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட நாணமே இக்கட்டுரைக்குக் காரணம். இந்த நாணம் எனக்கு மட்டும் உரியதன்று என்றும், கற்றோர் கூட்டம் முழுவதற்கும் இதிற் பங்குண்டு என்றும் நான் கருதுகின்றேன்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். நீரிழிவு என்பதில் இழிதல் என்பது இறங்குதல், வழிதல் என்று பொருள்படும். உடலின் நீர் வழிந்து போவதைக் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் இது. கிரேக்க மருத்துவரும் ஊடே வழிந்து செல்வது என்ற கருத்திலேயே தம் மொழியிற் பெயரிட்டனர். வடமொழி மருத்துவ நூலார் சிறுநீரின் இனிமையைக் கண்டு மதுமேகம் என்றனர். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சலரோகம் என்பர். இப்பெயர்கள் யாவும் நோயின் குறியைச் சொல்கின்றனவேயன்றி நோயின் காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் புத்தளக் கரையிலும் பிற ஊர்களிலும் இன்று வழங்கும் பெயரோ சீனி வருத்தம் என்பது. இது காரணத்தைச் சொல்வதுபோலத் தோன்றி நம்மைத் தவறான வழியிற் செலுத்துகின்றது. சீனியால் வந்த வருத்தம் சீனியை விட்டாற் போய்விடும் என்று எளிய மக்கள் எண்ணுகின்றனர். தேநீரிற் சீனியை நிறுத்திவிட்டு, அந்தத் தியாகத்துக்கு ஈடாக ஓர் அகப்பை சோற்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்கின்றனர். நானும் முதல் இரண்டு வாரங்கள் அவ்வாறே செய்தேன்.

கணக்குப் பார்த்தபோதே கண் திறந்தது. சமைத்த சோறு ஒரு கிண்ணம், அதாவது ஏறக்குறைய 160 கிராம், எடுத்துக்கொண்டால் அதிற் சுமார் 45 கிராம் மாப்பொருள் உண்டு. வயிற்றுக்குள் சென்றதும் அம்மாப்பொருள் குளுக்கோசாகப் பிரிந்து இரத்தத்திற் கலக்கின்றது. ஒரு தேக்கரண்டி சீனி 5 கிராம் என்று கொண்டால், ஒரு கிண்ணச் சோறு ஒன்பது தேக்கரண்டிக்குச் சமம். என் மனைவி ஒருநாள் என் மத்தியானச் சோற்றைக் கிண்ணத்தால் அளந்து பார்த்தாள். மூன்று கிண்ணமும் சற்று மேலும் இருந்தது. எனவே, தேநீரில் இரண்டு தேக்கரண்டியைத் துறந்துவிட்டதாகப் பெருமைப்பட்ட நான், அதே நாளில் சோற்றின் உருவத்தில் இருபத்தேழு தேக்கரண்டியை உண்டுகொண்டிருந்தேன். காலையில் பாணும் இரவில் வெள்ளை மா இடியப்பமும் இக்கணக்கிற் சேரவில்லை.

2016ஆம் ஆண்டு இலங்கை அரசு இனிப்புப் பானப் போத்தல்களுக்கு நிறக்குறியிடும் விதியைக் கொண்டுவந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு நிறம். அது நல்ல விதி. ஆயினும் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்குச் சிவப்புக் குறி இடுவார் யாருமில்லை. அதனை நாமே இட்டுக்கொள்ளல் வேண்டும்.

உணவைக் குறைத்தால் இந்நோய் தணியும் என்பது பழைய அனுபவம். 1870-71இல் பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது மக்கள் பட்டினியால் வாடினர். அக்காலத்தில் அந்நகரில் வாழ்ந்த புசார்தா என்ற மருத்துவர், தம்முடைய நீரிழிவு நோயாளரின் சிறுநீரிலிருந்து சீனி மறைந்துவிட்டதைக் கண்டார். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. இளமையிலேயே இன்சுலின் சுரப்பை இழந்துவிடும் குழந்தைகளுக்கு அது உயிர்கொடுத்த அமுதம். அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் ஒருபோதும் போதாது. ஆனால் நடுவயதில் நம்மைப் பற்றும் இரண்டாம் வகை நீரிழிவு வேறு இயல்புடையது. கல்லீரலிலும் கணையத்திலும் படியும் கொழுப்பு இதற்கு முக்கியமான காரணமென்று பிரித்தானியப் பேராசிரியர் றோய் ரெய்லர் முதலானோர் காட்டியுள்ளனர்.

அவரும் மைக்கல் லீனும் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. 306 நோயாளர் அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர்க்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டுமே தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவின் எல்லைக்குக் கீழே வந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 4 சதவீதத்தினரே அந்நிலையை அடைந்தனர். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36ஆகக் குறைந்தது. உடல் எடை திரும்பியவர்க்கு நோயும் பெரும்பாலும் திரும்பியது என்பதே அதன் பொருள். அத்தகைய கடுமையான உணவு முறையை வைத்தியரின் மேற்பார்வையின்றி யாரும் வீட்டில் முயலலாகாது.

இவை மேனாட்டார் செய்தி, நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்பாருளர். சென்னையில் வைத்தியர் எம். விசுவநாதன் 1948இலேயே ஸ்ரான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவை நடத்தத் தொடங்கினார். 2006இல் சென்னையிலிருந்து வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நோயின் வாயிலில் நின்ற 531 பேரைப் பற்றியது. உணவையும் நடையையும் சீர்செய்தவரிடையே நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. 2022இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வை அடிப்படையாகக் கொண்டு ஒரு கணிப்பு வெளிவந்தது. புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து விடுபட, உண்ணும் சக்தியில் மாப்பொருளின் பங்கு 49 முதல் 54 சதவீதமாக இறங்கிப் புரதத்தின் பங்கு ஏறவேண்டும் என்பது அதன் சாரம். சோற்றை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. சோற்றின் இடத்திற் சிறிது மீனுக்கும் பருப்புக்கும் மரக்கறிக்கும் விட்டுக்கொடுத்தாற் போதும்.

நம் நாட்டின் நிலையோ அஞ்சத்தக்கது. 2005-06இல் நடந்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 சதவீதத்தினர்க்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் தமக்கு நோயிருப்பதையே அறிந்திருக்கவில்லை. 2018-19இல் நடந்த மற்றோர் ஆய்வில் வளர்ந்தோருள் ஏறக்குறைய 23 சதவீதத்தினர்க்கு இந்நோய் காணப்பட்டது. இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் நடந்தவை அல்ல. ஆயினும் இரண்டாம் எண்ணைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. இருபது ஆசிரியர் அமரும் ஓய்வறையில் நான்கைந்து பேர் என்பது அதன் பொருள்.

இனி, உணவே மருந்து என்னும் வழக்கைப் பற்றி ஒரு சொல். இத்தொடரை இன்று எல்லாரும் எடுத்தாள்கின்றனர். ஆனால் அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டனர். எனக்கு நோய் என்று ஊரறிந்த கிழமையில் வீட்டுக்கு வந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லிச் சென்றனர். ஒருவர் பாகற்காய்ச் சாறு என்றார். ஒருவர் ஊறவைத்த வெந்தயம் என்றார். ஒருவர் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும் தேனும் என்றார். "குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு குறிஞ்சா இலையை மறந்தீரோ?" என்று நகையாடினார் ஒரு நண்பர். குறிஞ்சா இலையை மென்றால் நாவுக்குச் சிறிதுநேரம் இனிப்புத் தெரியாது, அது உண்மை. அதனைச் சுண்டி உண்பதில் தீங்குமில்லை. ஆனால் நாவு இனிப்பை அறியாமற் போனாலும் இரத்தம் அதனை அறியும். பனங்கட்டியும் தேனும் இரத்தத்தை அடைந்தபின் சீனியே. குரக்கனும் சாமையும் வெள்ளை மாவினும் நல்லவை. அவற்றையும் மூன்று கிண்ணம் உண்டால் பயனில்லை. வந்தோர் அனைவரும் எதைச் சேர்ப்பது என்று சொன்னார்களே தவிர, எதைக் குறைப்பது என்று ஒருவரேனும் சொல்லவில்லை.

மருந்து அதிகாரமோ குறைப்பதைப் பற்றியே பேசுகின்றது. இழிவு என்ற சொல்லை அங்கே வள்ளுவர் குறைந்த அளவு என்ற பொருளில் ஆள்கின்றார். நீரிழிவு என்ற பெயரில் வழிதலைக் குறிக்கும் சொல்லே, அங்கே அளவாக உண்பவனின் நலத்தைச் சொல்ல வருகின்றது. இதனை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். சொல்லாராய்ச்சியோடு நின்றுவிட்டேன்.

இதற்கு மறுதலையான பிழையும் ஒன்றுண்டு. உணவே மருந்து என்றால் மருந்து வேண்டாம் என்று சிலர் முடிவு செய்கின்றனர். எனக்கு உறவினர் ஒருவர் அவ்வாறே குளிகைகளை எறிந்துவிட்டுச் சாறுகளை நம்பினார். இரண்டாண்டில் ஆறாத புண்ணொன்றால் வலக்காலின் இரண்டு விரல்களை இழந்தார். அதிகாரத்தின் இறுதி மூன்று குறள்களும் வைத்தியனுக்கு உரியவை என்பதை அவர் மறந்துவிட்டார். மேலும், இன்சுலினும் சிலவகைக் குளிகைகளும் எடுப்பவர் தாமாகவே சோற்றைச் சட்டென்று குறைத்தாற் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். நோன்பு காலத்திலும் இது நேரும். ஆதலால் உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் கூறி, மருந்தின் அளவை அவர் மாற்றுமாறு செய்தல் வேண்டும்.

நான் செய்தது பெரிய தவமன்று. மத்தியானச் சோறு ஒரு கிண்ணமாயிற்று. வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதிலாகச் சிவப்புப் புழுங்கலரிசி. தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும் பிடித்துக்கொண்டன. மீனும் பருப்பும் கால் பங்கு. மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்டேன். இவ்வாறு முறைமாற்றி உண்டால் உணவுக்குப் பின் சீனி ஏறும் வேகம் குறைகின்றது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. இரவுணவை ஏழு மணிக்கு முடித்துவிட்டுக் கடற்கரை மணலில் இருபது நிமிடம் நடந்தேன். குளிகையை விடவில்லை. ஏழு மாதத்தில் 81 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்தேன். எச்பிஏ1சி 6.2 ஆயிற்று. வைத்தியர் குளிகையைப் பாதியாக்கினார். நோய் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். மருந்தை முற்றும் நிறுத்தி மூன்று மாதமேனும் 6.5க்குக் கீழே நின்றாலன்றித் தணிந்தது என்று கூறலாகாது என்பது 2021இல் அறிஞர்கள் வகுத்த வரையறை. நான் இன்னும் வழியில் இருக்கின்றேன்.

இவ்வளவும் ஆசிரியச் சம்பளம் பெறும் ஒருவனுக்கு இயலும். எல்லார்க்கும் இயலுமா? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு உணவு உபதேசம் செய்வது அறமன்று. பெயரிலே குறிஞ்சியையும் நிலத்திலே நெய்தலையும் கொண்டது எங்களூர். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. மணற்பாங்கான தோட்டங்களிற் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் கத்தரியும் பூசணியும் விளைகின்றன. மாலையில் அவை லொறிகளில் ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் செல்கின்றன. நல்ல மீனும் பனிக்கட்டிப் பெட்டியில் அடைபட்டு அவ்வழியே செல்கின்றது. அந்த மூட்டைகளை ஏற்றிய தோட்டக்காரன் தேநீர்க் கடையில் அரை இறாத்தல் பாணும் சீனி மிகுந்த தேநீரும் உண்டு பசியாறுகின்றான். ஏனெனில் குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது அதுவே. 2022இல் விலைகள் ஏறியபோது பல வீடுகளில் முதலிற் குறைந்தவை மீனும் மரக்கறியுமே; சோறு குறையவில்லை. ஆகவே ஏழையின் நீரிழிவை அவன் நாவின் குற்றமென்று சொல்லக் கற்றோர்க்கு உரிமையில்லை. ஆயினும் அவன் கைக்கெட்டும் வழிகள் சில உள. வேலியில் நிற்கும் முருங்கை இலைக்கு விலையில்லை. சூடையும் சாளையும் பெரிய மீன்களிலும் மலிவானவை. விற்பனைக்கு உதவாதென்று தோட்டத்தில் எறியப்படும் கோணற் கத்தரிக்காய்க்கும் நேரான கத்தரிக்காய்க்கும் சத்தில் வேறுபாடில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம் பார்க்கவும் பணம் வேண்டியதில்லை.

கற்றோராகிய நாம் செய்யக்கூடியது வேறொன்று. நம் விருந்தோம்பலின் இலக்கணத்தைத் திருத்தல் வேண்டும். பெருநாளாயினும் பொங்கலாயினும் நத்தாராயினும் நம் வீடுகளில் அன்பை அளக்கும் கருவி அகப்பையே. வேண்டாம் என்ற விருந்தினன் தட்டில் மேலும் ஒரு அகப்பை போடுவதையே உபசாரம் என்கின்றோம். மறுப்பவன் அவமதித்தவன் ஆகின்றான். எனக்கு நோய் வந்த பின் பசியைத் தாங்குவது எளிதாயிருந்தது. பிறர் மனம் நோகாமல் மறுப்பதே கடினமாயிருந்தது. ஒரு திருமண வீட்டில் மூன்று முறை கைகூப்பி மறுத்தேன். நான்காம் முறை வீட்டுக்காரரின் முகம் வாடியது கண்டு இனிப்பைத் தின்றுவிட்டேன். அன்றிரவு சீனி 260. அவரும் நீரிழிவாளர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இலக்கியச் சங்கங்களையும் பாடசாலைகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுவே. கூட்டங்களில் தேநீரைச் சீனியின்றிக் கொடுத்து, சீனியைத் தனியே வையுங்கள், வேண்டுவோர் எடுத்துக்கொள்வர். கேக்குக்கும் பணிசுக்கும் பதிலாகச் சுண்டற் கடலையும் அவித்த பயறும் வையுங்கள். சோற்றைப் பரிமாறுமுன் மரக்கறியைப் பரிமாறுங்கள். போதும் என்ற சொல்லை முதல் முறையிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். பேசப்படும் பொருள் திருக்குறளாயின் இவை இன்னும் கட்டாயமானவை.

சென்ற மாதம் மீண்டும் மருந்து அதிகாரத்தை நடத்தினேன். வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொல்லுமுன், நேற்று மத்தியானம் உண்ட சோற்றின் அளவை ஒவ்வொருவரும் எழுதும்படி மாணாக்கரைக் கேட்டேன். முப்பத்தொரு பேரும் வெறுந்தாளை வைத்துக்கொண்டு விழித்தனர். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் அம்மாதான் போடுவா, நாங்கள் பார்ப்பதில்லை" என்றாள். நானும் பார்த்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். மறுநாட் காலையில் அவள் ஒரு சிறு தாளைக் கொண்டுவந்தாள். வீட்டில் ஆறு பேர் ஒவ்வொருவரும் எத்தனை கிண்ணம் சோறு உண்டனர் என்று அதில் எழுதியிருந்தாள். தகப்பனாரின் பெயருக்கு எதிரே நான்கு என்றிருந்தது. அவரை இரத்தம் பார்த்துவரச் சொல் என்று கூறி, அத்தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.